இதயத் தட்டில் நரம்பை எப்படிச் சேர்ப்பது: ஐந்து வழிகளும் நாங்கள் எடுத்த முடிவும்

ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா முதலில் சொன்னதெல்லாம் மகளின் காதைப் பற்றித்தான். “பொறந்ததுல இருந்தே காது கேக்காதும்மா. அத்த மவனத்தான் கட்டிக்கினேன். சொந்தத்துல கட்டினதாலதான் இப்பிடின்னு சொல்றாங்கோ.” மயக்கத்தைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். “ஓடிக்கினே இருக்கும், தொப்புனு வுழும். தண்ணி தெளிச்சா ஏந்துக்கும். வெயில்ல ஆடுதே, அதான்னு வுட்டுட்டோம்.” காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜியில்தான் விஷயம் பிடிபட்டது. க்யூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பைத் தொடங்கி மறுபடி அமைதிக்குத் திரும்ப எடுக்கும் நேரம், அளவுக்கு மீறி நீண்டு 500 மில்லி செகண்டைத் தாண்டியிருந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை.

காது கேளாமையும் மயக்கமும் இங்கே ஒரே கோளாறிலிருந்து வருகின்றன. நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலானவர்களிடம் பழுதாகியிருப்பது கேசிஎன்க்யூ1 என்ற ஜீன். செல்லின் சவ்வில் பொட்டாசியம் போகவர ஒரு வாசலைக் கட்டுவது அதன் வேலை. உள்காதில் இருக்கும் திரவத்துக்குப் பொட்டாசியம் சேர்வது அந்த வாசல் வழியாக. இதயத்தசை செல் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அமைதிக்குத் திரும்பவும் அதே வாசல் வேண்டும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வந்தால்தான் குழந்தைக்குக் காதும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் வட ஆற்காட்டுக் குடும்பங்களில் ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல். சிகிச்சையில்லாமல் விட்டால் இந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 15 வயதைப் பார்ப்பதில்லை.

அந்தக் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும்போது விழவில்லை, ஓடும்போதுதான் விழுந்தது. ஜெர்மனியில் மைஸ்னர் என்பவர் 1856இலேயே ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார்: காது கேளாத ஒரு சிறுமியைப் பள்ளியில் எல்லார் முன்னாலும் கண்டித்தார்கள், அவள் அங்கேயே சரிந்து இறந்துபோனாள். ஓட்டம், பயம், அவமானம் எல்லாமே இதயத்துக்கு வந்து சேர்வது ஒரே பாதையில்தான். பள்ளிப் புத்தகத்தில் பரிவு நரம்பு என்று படித்தோமே, அந்த நரம்பு தன் நுனியில் நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. உடனே இதயத்தசை செல்லில் கால்சியம் வாசல் அகலமாகத் திறக்கும், துடிப்பு வேகமாகும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க நம்முடைய பொட்டாசியம் வாசலும் கூடுதலாகத் திறந்தாக வேண்டும். அது இல்லாத குழந்தைக்கு, முந்தைய துடிப்பு அடங்கும் முன்பே அடுத்தது வந்து மோதுகிறது. அதனால்தான் இந்த நோய்க்கு, அந்த நரம்பின் சேதியை இதயத்தில் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு நெஞ்சின் இடது பக்கம் மேலே இருக்கும் பரிவு நரம்பு முடிச்சையே வெட்டி எடுக்கிறார்கள். நீண்ட க்யூடி நோய்க்கு 1971இலிருந்தே செய்துவரும் அறுவை அது. பழுது இதயத்தில், கத்தி நரம்பில்.

எங்களுக்கு வந்த கேள்வி இதிலிருந்து பிறந்தது. பழுதான ஜீன் குழந்தையின் எல்லா செல்லிலும் இருக்கிறது, நரம்பு செல்லிலும் இருக்கிறது. அப்படியென்றால் குற்றம் முழுவதும் இதயத்தசை செல்லுடையதா, இல்லை, நரம்பும் அளவுக்கு மீறிக் கொட்டுகிறதா? இதைச் செல் வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்க்க எங்களிடம் இருந்தது இரண்டு வருஷத்துக்கான பணம், இரண்டு பேர், ஒரே ஒரு இன்குபேட்டர். எந்த மாதிரியை எடுப்பது என்று ஒரு மாதம் பேசினோம். இதே முடிவின் முன் நிற்கும் மாணவர்களுக்கு உதவும் என்றுதான் அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுண்டெலி. அதன் இதயம் நிமிஷத்துக்கு 500, 600 தடவை துடிக்கிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு துடிப்பையும் முடித்து வைக்க அது நம்பியிருப்பது வேறு பொட்டாசியம் வாசல்களை. மனிதனுக்கு உயிர்நாடியான வாசல் வளர்ந்த எலிக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கினிப் பன்றியிடம் அந்த வாசல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஜீனை மாற்றி வளர்ப்பது எங்கள் கைக்கு மீறிய வேலை. 2023இல் நம் நாட்டு மருந்து விதிகளில் செய்த திருத்தம் மனித செல் மாதிரிகளையும், செல்லிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்புகளான ஆர்கனாய்டுகளையும், செல் வளர்க்கும் சிப்புகளையும் ஏற்றுக்கொண்ட பிறகு, விலங்கில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்திருக்கிறது.

ஆனாலும் எலியை நான் லேசாக ஒதுக்கவில்லை. கேசிஎன்க்யூ1 ஜீனை நீக்கிய எலிகளைப் பற்றி 2001இல் வந்த ஓர் ஆய்வு என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. உயிரோடு இருந்த எலியின் ஈசிஜியில் கோளாறு தெரிந்தது. அதே எலியின் இதயத்தை வெளியே எடுத்துத் தனியாகத் துடிக்கவிட்டபோது கோளாறு காணவில்லை. உடம்பிலிருந்து பிரித்ததும் நோய் மறைந்துவிட்டது! நரம்பில்லாத இதயத்தை மட்டும் தட்டில் வளர்த்து இந்த நோயைப் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு ஆய்வையாவது படித்துவிட்டு வர வேண்டும்.

இரண்டாவது வழி மிக எளியது. குழந்தையின் ரத்தத்திலிருந்து, உடம்பின் எந்த செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் செய்து, அதிலிருந்து இதயத்தசை செல் செய்து, நரம்புக்குப் பதிலாக, நார்அட்ரினலினைப் போல இதயத்தை வேகப்படுத்தும் ஐசோபிரினலின் மருந்தை ஒரு சொட்டு விடுவது. ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலி செல்லிலும் 2007இல் மனித செல்லிலும் நான்கு ஜீன்களைக் கொண்டு முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பிய பிறகு, இது எல்லோருக்கும் எட்டும் வேலையாகிவிட்டது. இந்த நோய்க்கே இப்படி ஒரு மாதிரி 2014இல் வந்துவிட்டது.

சொட்டு முறையின் பாட்டன் ஓட்டோ லோவி. 1921இல் அவர் இரண்டு தவளை இதயங்களை எடுத்து, முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவானது. அது நனைந்திருந்த திரவத்தை இரண்டாவது இதயத்தில் ஊற்றினார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தச் சோதனையில்தான், 1936இல் நோபலும் வந்தது. அதனால் சொட்டு முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. மருந்தின் அளவைச் சரிபார்க்க, செல் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று பார்க்க, இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சொட்டு, தட்டு முழுவதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நனைக்கிறது. நிஜ நரம்பு நுனி இதயத்தசை செல்லை ஒட்டி உட்கார்ந்து, மிகக் குறுகிய இடுக்கில் கொஞ்சமாகக் கொட்டுகிறது, நிறுத்துகிறது, மறுபடி கொட்டுகிறது. கழனிக்கு வாய்க்காலில் மடை திறந்து விடுவதும் ஏரி உடைந்து வருவதும் ஒன்றா? தண்ணீர் அதேதான், பயிருக்கு நடப்பது வேறு. எங்கள் கேள்விக்கு இது போதாது. நரம்பே இல்லாத தட்டில் நரம்பின் குற்றத்தை எப்படி விசாரிப்பது?

மூன்றாவது வழியில் நரம்பு செல்லையும் இதயத்தசை செல்லையும் ஒரே குழியில் கலந்து வளர்ப்பார்கள். 2016இல் மனித ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த பரிவு நரம்பு செல்கள் இதயத்தசை செல்களோடு இணைந்து வேலை செய்வதைக் காட்டினார்கள். அதன் பிறகு பல லேப்களில் இது நடக்கிறது. செலவு குறைவு, கருவி எதுவும் வேண்டாம். நரம்பை மட்டும் தூண்ட ஓர் அழகான உபாயமும் உண்டு: நிகோடின். பரிவு நரம்பு செல்லில் நிகோடினுக்கு ஏற்பி இருக்கிறது, அது இதயத்தசை செல்லை நேராகத் தொடுவதில்லை. நிகோடின் விட்டதும் துடிப்பு கூடினால் நரம்பு வழியாகத்தான் சேதி போயிருக்கிறது. பிறகு புரொப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை விட்டு அந்த வேகம் அடங்குகிறதா என்று பார்த்தால் சங்கிலி முழுமையாகிவிடும்.

இந்த வழியைத்தான் எடுப்போம் என்று பாதி மனசாக இருந்தேன். தடுத்தது இரண்டு காரணங்கள். இதயத்தசை செல் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது, நரம்பு அதைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. உடம்பில் அது நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானின் நுனி வழியாகக் கிடைக்கிறது. கலந்து போட்ட குழியிலோ நரம்பு செல்லின் உடல் முழுவதும் இதயத்தின் கசிவில் ஊறுகிறது. அந்தக் கசிவு நரம்பின் குணத்தையே மாற்றிவிடும். 1976இல் ஹார்வர்டில் எலிக்குட்டியின் பரிவு நரம்பு செல்களை ஒவ்வொன்றாக இதய செல்கள்மேல் வளர்த்துப் பார்த்தபோது, சில நரம்புகள் இதயத்தை வேகப்படுத்தும் நார்அட்ரினலினோடு மெதுவாக்கும் அசிட்டைல்கோலினையும் சேர்த்துக் கொட்டின. வேகப்படுத்த வந்த நரம்பு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நோயாளியின் நரம்பும் ஆரோக்கியமான நரம்பும் வேறுபடுகின்றனவா என்று கேட்கப்போகும் எங்களுக்கு, தட்டே நரம்பை மாற்றிவிடும் என்றால் பதிலில் எது நோய், எது தட்டு என்று பிரிக்க முடியாது. இரண்டாவது காரணம் சின்னது: இரண்டு செல்லுக்கும் பிடித்த மீடியம், அதாவது ஊட்டத் திரவம், வேறு, நடுவாக ஒன்றைக் கொடுத்தால் இரண்டும் மனமில்லாமல் வளர்கின்றன.

ஐந்தாவதாக வைக்க வேண்டிய ஆர்கனாய்டை இங்கேயே பேசி முடித்துவிடுகிறேன். உருண்டையாக, முப்பரிமாணத்தில், தானே அறை கட்டிக்கொள்ளும் இதய ஆர்கனாய்டுகள் 2021இலிருந்து பெரிதாகப் பேசப்படுகின்றன. நரம்பு உருண்டையை இதய உருண்டையோடு ஒட்டவைக்கவும் முடிகிறது. கருவில் நரம்பு எப்படி இதயத்தைத் தேடி வருகிறது என்பது உங்கள் கேள்வியானால் தயங்காமல் அதை எடுங்கள். எங்கள் கேள்விக்கு அது பொருந்தவில்லை. ஒரு உருண்டை இன்னொன்றைப் போல வராது, சில நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்தால் நடுவில் ஆக்சிஜன் போகாமல் செல் சாகும், நரம்பு எங்கே தொட்டது என்று நுண்ணோக்கியில் எண்ணவும் முடியாது. பெரிய இதழ்களில் படம் அழகாக வருகிறது என்பதற்காக அதை எடுக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் ரத்தம் கொடுத்தவர்கள் படத்துக்காகக் கொடுக்கவில்லை.

நாங்கள் எடுத்தது நான்காவது வழி: இரண்டு அறையும் நடுவில் நுண்பள்ளங்களும் கொண்ட சிலிகோன் ரப்பர் சிப். நரம்பு செல்லை ஓர் அறையில் தனியாக வளர்ப்பது 1977இல் காம்பெனாட் தொடங்கி வைத்தது. இப்போதைய சிப்பில் ஒரு பக்கம் நரம்பு செல்கள், மறுபக்கம் இதயத்தசை செல்கள், நடுவே சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள நூற்றுக்கணக்கான பள்ளங்கள். செல்லின் உடல் அதற்குள் நுழைய முடியாது, ஆக்ஸான் மட்டும் நீண்டு போகும். வேலூர்க் கோட்டை மதிலைப் பார்த்திருப்பீர்கள்; மதிலுக்கு ஒரு பக்கம் அரசங்கன்று நிற்கும், வேர் மட்டும் கல்லிடுக்கில் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதே ஏற்பாடுதான். இரண்டு அறைக்கும் தனித்தனி மீடியம் கொடுக்கலாம். ஓர் அறையில் திரவ மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் அங்கே விட்ட மருந்து மறுபக்கம் கசியாது. நரம்பின் அறையில் மட்டும் தூண்டி, இதயத்தின் அறையில் மட்டும் மருந்து விட்டு, எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஜோடி மாற்றலாம். நோயாளியின் இதயத்துக்கு நோயாளியின் நரம்பு, நோயாளியின் இதயத்துக்கு ஜீன் பழுதைத் திருத்திச் சீராக்கிய நரம்பு, சீராக்கிய இதயத்துக்கு நோயாளியின் நரம்பு, இரண்டும் சீரானது: மொத்தம் நான்கு ஜோடி. எந்த விலங்கிலும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. கலந்து வளர்க்கும் குழியிலும் ஜோடி மாற்றலாம், ஆனால் அங்கே ஒன்றின் கசிவு மற்றதைக் கெடுப்பதைச் சொன்னேன்.

சிப்பின் தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சு செய்யத் தூசியில்லா அறையும் ஒளியால் செதுக்கும் கருவியும் வேண்டும். அதை வெளியூரில் ஒருமுறை செய்து வாங்கிவிட்டால், பிறகு சிலிகோன் ரப்பரைக் கலந்து ஊற்றி, காற்றுக்குமிழியை உறிஞ்சி எடுத்து, இங்கேயே லேப் அடுப்பில் சுட்டுக்கொள்ளலாம். பள்ளத்தில் ஒரு குமிழி மாட்டினால் அந்த வழி அடைந்தது. இந்த ரப்பர் கொழுப்பில் கரையும் மருந்துகளை உறிஞ்சும். புரொப்ரனலால் அந்த ஜாதி, நாடலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் தண்ணீரில் கரையும் ஜாதி. இரண்டையும் ஒப்பிடப் போகிறவர்கள், ஊற்றிய அளவை நம்பாமல் அறையிலிருந்து திரவத்தை எடுத்து அளந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரப்பர் குடித்ததை மருந்தின் தோல்வி என்று எழுதிவிடுவோம்.

சிப் எதுவும் தீர்க்காத ஒரு குறை எல்லா வழிக்கும் பொது. ஸ்டெம் செல்லிலிருந்து வரும் இதயத்தசை செல் பிறக்காத குழந்தையின் இதயம் போன்றது. முதலில் ஒரு ரசாயனத்தால், செல் எதுவாக வளர வேண்டும் என்று வழிகாட்டும் டபிள்யூஎன்டி சேதியைத் தூண்டி, சில நாளில் அதையே அடக்கினால், எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் துடிக்கத் தொடங்கும். முதல் துடிப்பைப் பார்த்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தட்டின் ஓரத்தில் கண்ணிமை துடிப்பதுபோல ஓர் அசைவு. நுண்ணோக்கி மேசைதான் ஆடுகிறதோ என்று கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நின்றது. மூன்று மூச்சு கழித்து மறுபடி இமைத்தது. அந்த இளம் செல்லில் நாம் தேடும் பொட்டாசியம் வாசலே குறைவு. 30 நாளாவது காத்திருந்து, சர்க்கரையைக் குறைத்துக் கொழுப்பமிலம் கொடுத்து முதிர வைக்க வேண்டும். நரம்போடு வளர்வதே இதய செல்லை முதிர வைக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன, அதுவும் சிப்பின் பக்கம் சாய ஒரு காரணம். இன்னொன்று: நன்றாகத் துடிக்கும் படலம் தன் இழுப்பிலேயே தரையிலிருந்து உரிந்து சுருண்டுவிடும். ஜாக்கெட் பிட் துவைத்துச் சுருங்கினதுபோல இருக்கும். மூன்றாவது வாரத்தில் அப்படி இழந்த தட்டுகள் எனக்குப் பல.

அடுத்து யாருடைய செல் என்ற முடிவு. கடையில் வாங்கிய ஆரோக்கியமான ஸ்டெம் செல்லில், ஜீனைத் திருத்தும் கிரிஸ்பர் முறை கொண்டு பழுதை எழுதிவிடலாம், மாதங்கள் மிச்சம். குடும்பத்தின் ரத்தத்திலிருந்தே தொடங்கினால், தொடர்ந்து பெருகும் செல் வரிசையான லைன் நிலைக்க மூன்று நான்கு மாதம், குரோமோசோம் சோதனை, பிறகு அதே லைனில் பழுதைத் திருத்திய இரட்டையைச் செய்ய இன்னும் சில மாதம். நான் இரண்டாவதற்காக வாதாடினேன். ஒரே ஜீன் பழுதுள்ள இருவரில் ஒருத்தர் விழுவதும் ஒருத்தர் விழாததும் அவரவர் மற்ற ஜீன்களாலும்தான். வாங்கிய செல்லில் எழுதிய பழுதுக்கு இந்த மண்ணின் குடும்ப வரலாறு இல்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. வளாகத்து ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே ஜீனைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. நோயாளியின் செல்லிலிருந்தே தொடங்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

இதற்கு 2017ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி நிறுவனத்தின் ஸ்டெம் செல் குழு அனுமதியும் அறநெறிக் குழு அனுமதியும் வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். படிவத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: “அப்போ இந்த ரத்தத்துல இருந்து புது இருதயம் வளத்து எம்பொண்ணுக்கு வெப்பீங்களாம்மா?” நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “இல்லம்மா. இது பாப்பாவுக்கு வைக்கிறதுக்கு இல்ல. ஏன் வுழுதுன்னு பாக்கறதுக்கு. பாப்பாவுக்கு இப்போ மாத்திரைதான் முக்கியம், ஒரு வேளைகூட விடக்கூடாது.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கணவரைப் பார்த்தார். “அடுத்தது வயித்துல கீது. அதுக்காவது தெரியுமா?” அதற்கு இந்த ஆய்வு தேவையில்லை, ஜீன் சோதனையே சொல்லிவிடும், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். கையெழுத்தை அன்றைக்கு வாங்கவில்லை. அடுத்த வாரம் அவர்களே வந்து போட்டார்கள்.

செல்லின் காலக்கணக்கையும் முடிவுக்கு முன்பே போட்டுப் பாருங்கள். நரம்பு செல் நிதானமாக முதிரும், இதயத்தசை செல் சீக்கிரம் துடித்துவிடும். எது முதலில், எது பிறகு என்று பின்னிருந்து எண்ண வேண்டும். மீடியம் மாற்றும் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் காலி சீட் கிடைக்கும் ஒரே நாள் என்பதுதான் அதில் ஒரே ஆறுதல். நான் முன்பு வேலை செய்த ஒரு லேபில் சனிக்கிழமை ராத்திரி கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலியாகிவிட்டது. மாற்று சிலிண்டர் இணைக்கப்படவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது செம்மஞ்சளாக இருக்க வேண்டிய மீடியம் எல்லாத் தட்டிலும் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. 40 நாள் நரம்பு செல்கள் மணி மணியாக உடைந்து மிதந்தன. சிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில், தானாக மாறிக்கொள்ளும் இரட்டை சிலிண்டர் இணைப்பு வாங்கச் சொன்னது அதனால்தான்.

ஆக, எங்கள் வரிசை இது. சொட்டு முறையில் எல்லா இதயத்தசை செல்லையும் முதலில் சோதிப்போம், பதில் சொல்லாத தொகுதியைத் தள்ளிவிடுவோம். கலந்து வளர்க்கும் குழியில் நிகோடின் சோதனையை ஒருமுறை செய்து, நரம்பு நார்அட்ரினலின் குணத்தோடுதான் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்போம். பிறகு சிப்பில் நான்கு ஜோடி. சீராக்கிய இதயம் நோயாளியின் நரம்போடும் அமைதியாகத் துடித்தால், குற்றம் இதயத்தினுடையது, நரம்பு சேதி கொண்டுவந்தது மட்டும்தான். அப்போதும் துடிப்பு தடுமாறினால், மாத்திரை போதாத குழந்தைகளுக்கு நரம்பு முடிச்சை வெட்டும் அறுவையை எவ்வளவு சீக்கிரம் யோசிப்பது என்று இதய மருத்துவர்களோடு உட்கார்ந்து பேச எங்களிடம் ஏதாவது இருக்கும். மெதுவாக்கும் வேகஸ் பக்கத்தை இந்த இரண்டு வருஷத்தில் தொடப்போவதில்லை. அந்த நரம்பு செல்லை மனித ஸ்டெம் செல்லிலிருந்து எடுக்கும் வழிமுறை புதிது, எங்கள் இரண்டு பேரின் கைக்கு அது இப்போது அதிகம்.

சிப்பின் அச்சு போன வாரம் வந்து சேர்ந்தது. குழந்தையின் லைன் இன்னும் குரோமோசோம் சோதனையில் இருக்கிறது. அதுவரை ஆரோக்கியமான ஒருவரின் நரம்பு செல்லை மட்டும் வைத்து, ஆக்ஸான் பள்ளத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள், 11 பள்ளங்களில் நுனி மறுபக்கம் வந்திருக்கிறது.